ரோஜா ஊரில் ரோஜா பூக்காத வீடுகள்

ஓசூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சில தோட்டக் குறிப்புகள்

ஆண்டுதோறும் தை மாதம் பாதி கழிவதற்குள் ஓசூர் வட்டாரத்தில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். பாகலூர், தளி, கெலமங்கலம், பேரிகைப் பகுதிகளில் பசுமைக் குடில்களுக்குள் வளர்ந்த ரோஜா மொட்டுகள், விரியுமுன் கொய்யப்பட்டுக் குளிர் அறைகளில் அடுக்கப்படும். பிறகு அட்டைப் பெட்டிகளில் ஏறி, பெங்களூரு விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பறக்கும். பிப்ரவரி 14 காதலர் தினம் அல்லவா? அன்று எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் யாருக்கோ நீட்டுகிற சிவப்பு ரோஜா, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் செம்மண்ணில் பூத்ததாக இருந்தாலும் இருக்கலாம்.

பெருமைக்குரிய விஷயந்தான். ஆனால் அதே ஓசூரில் குடியிருக்கும் குடும்பத்து அம்மாள் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "எங்கே! நாலு தடவை வாங்கி வைத்தாயிற்று. வரும்போது கொத்தாகப் பூத்திருக்கும். அந்தப் பூ உதிர்ந்ததும் செடியும் போய்விடும். நம் கைராசி அப்படி!" என்று அலுத்துக்கொள்வார்.

உலகத்துக்கே ரோஜா அனுப்புகிற ஊரில், வீட்டு வாசலில் ஒரு ரோஜா தங்க மாட்டேன் என்கிறதே, இது ஏன்? உண்மையில் கைராசி என்று ஒன்றும் கிடையாது. செடி விஷயத்தில் ராசி என்பதெல்லாம் வேரைப் பொறுத்ததுதான். பூவைப் பார்த்துச் செடி வளர்ப்பவர் ஏமாறுவார். வேரை நினைத்து வளர்ப்பவர் வெற்றி பெறுவார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

இடத்துக்கு ஏற்ற கை

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. தளிப் பகுதியின் இதமான சீதோஷ்ணத்தைக் கண்டு வெள்ளைக்காரர்கள் அதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததாகச் சொல்வதுண்டு. கோடையிலும் மாலையானால் காற்றில் ஒரு குளுமை. மார்கழி இரவில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ரோஜாவுக்கு இதைவிட உகந்த ஊர் வேண்டியதில்லை.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் வந்து குடியேறின. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. ஊர் மாறி வந்தவர்கள் புது ஊரில் ஒரு செடியாவது வைத்துப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் வந்தவர்கள் தங்கள் கைப்பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

நாற்றுப் பண்ணைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"ஏண்ணா, போன மாசம் வாங்கிட்டுப் போன ரோஜா பட்டுப் போச்சே!"

"தண்ணி ஊத்தினீங்களா அக்கா?"

"காலையிலே ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, ஒரு நாள் தவறினதில்லை."

"அதாங்க்கா செத்துப் போச்சு!"

வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் முழு உண்மை இருக்கிறது. வெயில் கொளுத்தும் ஊரில் இரண்டு சொம்பு நீர் அன்றைக்கே ஆவியாகிவிடும். ஓசூரின் மூட்டத்திலும் குளிரிலும் அதே நீர் தொட்டியிலேயே தேங்கும். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடுக்கில் காற்று இருந்தால்தான் வேர் உயிரோடிருக்கும். அந்த இடமெல்லாம் நீரே நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். வேர் அழுகினால் இலைக்கு நீர் ஏறாது, இலை வாடும். இலை வாடியதைக் கண்ட வீட்டார் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். பிறகு கேட்கவேண்டுமா? செடியைப் பிள்ளை போல வளர்க்க வேண்டும் என்பார்கள். பசிக்காத பிள்ளைக்குப் பத்து வேளை சோறு ஊட்டும் தாய் உண்டா?

விரலே அளவுகோல்

எப்போது நீர் ஊற்றுவது என்று கடிகாரத்தைக் கேட்கக் கூடாது; மண்ணைத்தான் கேட்க வேண்டும். ஆள்காட்டி விரலைத் தொட்டி மண்ணில் இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், அடியிலுள்ள துளை வழியாக நீர் ஒழுகும் வரை நன்றாக ஊற்றி நிறுத்திவிடுங்கள். தினமும் அரைச் சொம்பு தெளிப்பதைவிட, தேவைப்படும் நாளில் வேரின் அடிவரை நனையும்படி ஊற்றுவதே மேல். மேலாக மட்டும் நனைந்தால் வேரும் மேலாகவே படரும்.

ஊற்றுவது காலை வேளையாக இருக்கட்டும். இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். மாலையில் இலையை நனைத்தால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும். ரோஜா இலைகளில் கருவட்டமாக விழுந்து, மஞ்சளாக்கி உதிர்க்கும் கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைக்க இலை ஏறக்குறைய 7 மணி நேரம் நனைந்திருந்தால் போதும். அந்த வசதியை நாமே செய்து கொடுப்பானேன்?

தொட்டியின் அடியில் தட்டு வைத்து அதில் நீர் தேங்க விடுவதும் தவறு. மூன்று செங்கல் துண்டுகளின்மேல் தொட்டியை ஏற்றி வைத்தால் துளை அடையாது; மாடியின் தளமும் கெடாது.

எந்த நீர் என்பதும் முக்கியம். இம்மாவட்டத்தின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. ஃபுளோரைடு கலப்பு காரணமாகவே குடிநீருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. தொட்டியின் ஓரத்திலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மழை நீரை இரண்டு மூன்று முறை நிறைய ஊற்றி அடித்துளை வழியே வடிய விட்டால் உப்பு கரைந்து போகும். 2003-ல் தமிழக அரசு கட்டடங்கள் அனைத்துக்கும் மழை நீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கும். அந்தக் குழாயிலிருந்து ஒரு பீப்பாயில் நீர் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி வைத்தால் செடிகளுக்கு அதுவே அமுதம்.

ஒரு எச்சரிக்கை: குடிநீர் வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரை 'வீணாகப் போகிறதே' என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. வாசல் கழுவ அது உதவும். தொட்டிச் செடிக்கு உதவாது. அரிசி களைந்த நீர் தாராளமாக ஊற்றலாம். உப்புப் போட்டு வேகவைத்த நீரும் சோப்பு நீரும் ஆகாது.

செடி வாங்கும்போது

பசுமைக் குடில் ரோஜாவைப் பார்த்து அதே போல ஒன்று வீட்டிலும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதிகம். குடிலில் வளரும் 'தாஜ்மகால்' போன்ற சிவப்பு ரோஜா அரண்மனைப் பிள்ளை. அதற்குத் தலைக்குமேல் பாலிதீன் கூரை. சொட்டுக் குழாயில் அளந்து வரும் நீரும் உரமும். மொட்டு பெருப்பதற்கு வலைத் தொப்பி. கொய்த பின் குளிர் அறை. அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோவின் கூட்டு முயற்சியாக அமைந்த டான்ஃபுளோரா மலர்ப் பூங்கா, ஏற்றுமதிக்கென்றே இந்த முறையில் பயிர் செய்ய ஏற்பட்டது. அரண்மனைப் பிள்ளையைக் கொண்டுவந்து மழையிலும் பனியிலும் நிறுத்தினால் நோய் பற்றத்தான் செய்யும்.

வீட்டுக்கு ஏற்றவை திறந்த வெளியில் பழகிய ரோஜாக்களே. பன்னீர் ரோஜா, நாட்டுச் சிவப்பு ரோஜா, கொத்துக் கொத்தாகப் பூக்கும் பட்டன் ரோஜா ஆகியவை சுலபத்தில் மனம் கோணாதவை. ஒரு செடியைத் தேறவைத்துப் பழகிய பிறகு பெரிய பூ ரகங்களுக்குப் போகலாம். வெப்ப நாட்டுக்கு ஏற்ற ரோஜா வேண்டும் என்று தமிழ்நாட்டிலேயே பாடுபட்டவர் உண்டு. ஆட்சிப் பணியை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் தோட்டம் அமைத்த எம்.எஸ். வீரராகவன், இந்தியக் காட்டு ரோஜாக்களான ஜைஜான்டியா, கிளினோபில்லா இனங்களைக் கலந்து புது ரகங்கள் உண்டாக்கினார். அவற்றுள் ஒன்றுக்குத் தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் பெயர் சூட்டப்பட்டது.

கடையில் பூ எத்தனை என்று எண்ணாதீர்கள். பூ மிகுந்த செடி பார்வைக்கு அழகு. ஆனால் தன் பலத்தையெல்லாம் பூவில் செலவழித்துவிட்ட செடி அது. பென்சில் பருமனில் இரண்டு மூன்று பச்சைத் தண்டுகளும் அடியிலிருந்து புதுத் தளிரும் உள்ள செடியே நல்லது. ஒட்டுக் கட்டிய இடம் பிளவில்லாமல் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூங்கொத்தில் வந்த ரோஜாத் தண்டை உருளைக்கிழங்கில் குத்தி நட்டால் வேர் விடும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. குளிர் அறையில் நாட்கணக்கில் இருந்து, சத்தெல்லாம் மலருக்குக் கொடுத்துவிட்ட தண்டு அது. வேர் விடுவது அபூர்வம். உருளைக்கிழங்கைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளலாம்.

முதல் பத்து நாள்

செடி வீட்டுக்கு வந்த அன்றே தொட்டி மாற்றும் அவசரந்தான் பாதிச் செடிகளைக் கொல்கிறது. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீடு வந்த பெண்ணுக்கு நாலு நாள் அவகாசம் கொடுப்பதில்லையா? செடியையும் வந்த பையோடு அரை நிழலில் நாலைந்து நாள் வையுங்கள்.

பிறகு பையைக் கிழித்துப் பாருங்கள். பல செடிகளின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருக்கும். அதை அப்படியே நட்டால், வெளி மண் காய்ந்தாலும் உருண்டைக்குள் சேறாகவே நிற்கும். அல்லது உருண்டை காய்ந்து கல்லானால் வெளியே ஊற்றும் நீர் உள்ளே புகாது. ஒரு வாளி நீரில் சிறிது நேரம் வைத்து, களிமண்ணை மெதுவாகக் கரைத்து விட்டு, வேர் அறுபடாமல் எடுத்து நடுங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே தெரிய வேண்டும்.

நட்ட பின் ஒரு வாரம் நிழல். அதன்பின் தினமும் 5 அல்லது 6 மணி நேர வெயில் விழும் இடம் வேண்டும். வெயில் இல்லாத பால்கனியில் ரோஜா தழைக்கும்; பூக்காது. நட்ட முதல் மாதம் உரம் எதுவும் வேண்டாம். முதலில் வரும் மொட்டுகளை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். பூவுக்குப் போக இருந்த சத்து வேருக்குப் போகும்.

ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து சில சமயம் ஒரு கிளை வேகமாகக் கிளம்பும். 'அடடா, என்ன செழிப்பு!' என்று வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் அது வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கின கதை. விட்டுவிட்டால் மேலே ஒட்டிய நல்ல ரகம் நலிந்து மறைந்துவிடும். ஏழு இலை இருந்தால் காட்டுக் கிளை என்று சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்து எறியுங்கள்.

மண்ணும் உணவும்

இந்தப் பகுதியின் செம்மண் நீர் வடியக்கூடியது. ஆனால் தழைச்சத்தும் மக்கிய பொருளும் குறைவு. மழை அடித்தால் மேல்புறம் இறுகிப்போகும். தொட்டிக்கு, செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய சாணி எரு ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது உப்புப் போகக் கழுவிய தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். சாணி கறுத்துப் பொலபொலவென்று உதிர வேண்டும். பச்சைச் சாணி வேரைச் சுட்டுவிடும். ரோஜாவுக்கு 12 அங்குல வாயுள்ள தொட்டியாவது வேண்டும். தரையில் நடுகிறவர்கள் ஒன்றரை அடிச் சதுரக் குழி தோண்டி, 10 கிலோ மக்கிய எரு இட்டு நடலாம்.

புதிதாகக் கட்டிய வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. வாசல் மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் புதைந்திருக்கும். அங்கே வைத்த செடியின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. மருந்து தேடுவதைவிட அந்த மண்ணை ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டு வேறு மண் நிரப்புவதே தீர்வு.

ரோஜா பெருந்தீனிச் செடி. அதற்கு ஒரு சரித்திரக் காரணமும் இருக்கிறது. பழங்கால ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்தில் ஒரு பருவம் மட்டுமே பூத்தன. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்து ரோஜாக்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓயாமல் பூக்கும் குணம் பரவியது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் இரு வகையும் தற்செயலாகக் கலந்து பிறந்த ரோஜாதான், 'எட்வர்டு ரோஜா' என்ற பெயரில் இந்தியத் தோட்டங்களில் ஒட்டுக்கு வேர்ச்செடியாகவும் பயன்பட்டது. ஆண்டு முழுவதும் பூக்கிற செடிக்கு ஆண்டு முழுவதும் சாப்பாடு வேண்டும் அல்லவா?

மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளும் தண்டை ஒட்டாமல் ஓரமாக இட்டுக் கிளறிவிடுங்கள். கடலைப் புண்ணாக்கை நீரில் ஊற வைத்துத் தெளியவிட்டு, பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றினாலும் நல்லது. டீத்தூளைச் சர்க்கரை போக அலசியும், முட்டை ஓட்டை மாவாக இடித்தும் போடலாம். ஆனால் இவை மெல்லக் கரைபவை. இவற்றை மட்டும் நம்பி எருவை நிறுத்திவிடக் கூடாது.

வெட்டத் துணியாத கை

"பூக்கிற செடியை யாராவது வெட்டுவார்களா?" என்று கேட்பவர்கள் வீட்டு ரோஜா, கொம்பு கொம்பாக உயர்ந்து, உச்சியில் ஒற்றைப் பூவோடு நிற்கும். ரோஜா புதுக் கிளையில்தான் பூக்கும். கவாத்துச் செய்தால்தான் புதுக் கிளை வரும்.

மழை ஓய்ந்த பிறகு, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கவாத்துச் செய்வது வழக்கம். காய்ந்த குச்சி, ஒன்றன்மேல் ஒன்று உராயும் கிளை, நோய் கண்ட கிளை ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு நல்ல தண்டுகள் மூன்று நான்கை மட்டும் வைத்து அவற்றைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்ட வேண்டும். கத்தரி கூர்மையாக இருக்கட்டும். நசுங்கிய வெட்டில் நோய் ஏறும். வெட்டிய முனையில் போர்டோ பசை தடவுவது தோட்டக்காரர் முறை. மஞ்சளைக் குழைத்துப் பூசும் குடும்பங்களும் உண்டு. அப்படியும் முனை கறுத்துக் கீழே இறங்கினால், கறுப்புக்கு இரண்டு அங்குலம் கீழே பச்சைத் தண்டில் வெட்டி, வெட்டிய துண்டைத் தீயிலிட வேண்டும்.

குடில்காரர்களிடம் வீட்டார் கற்க வேண்டிய ரகசியம் ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமென்றால் அவர்கள் டிசம்பர் நடுவிலேயே கத்தரியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். வெட்டிய நாளிலிருந்து பூக்க ஏறக்குறைய ஏழெட்டு வாரம் என்பது கணக்கு. பொங்கலன்று சுவாமி படத்துக்கு வீட்டுப் பூ சாத்த ஆசையா? நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டுங்கள். பெண்ணின் பிறந்த நாளா? பஞ்சாங்கத்தைப் பின்னோக்கிப் புரட்டி ஏழு வாரம் எண்ணுங்கள். வெயில் காலத்தில் ஒரு வாரம் முந்தியும் பூக்கும்.

பூச்சியும் பூஞ்சணமும்

இளந்தளிரில் பச்சையாக மொய்ப்பது அசுவினி. கண்டவுடன் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சிவப்பு முதுகில் கரும்புள்ளி வைத்த பொறிவண்டைக் கண்டால் விரட்டாதீர்கள். அது அசுவினியைத் தின்னும் நண்பன். மாசி, பங்குனியில் இதழ் ஓரம் கருகினால் அது இலைப்பேனின் வேலை. இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். இவற்றுக்கு, ஒரு லிட்டர் நீரில் 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளிக்கலாம். அளவு மீறினால் இலை கருகும்.

குளிர் காலத்தில் இளம் இலைமேல் மாவு தூவினாற்போல் தெரிவது சாம்பல் நோய். கரும்புள்ளியைப் போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. குளிர்ந்த இரவே போதும். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலையில் தெளித்தால் அடங்கும். கரும்புள்ளிக்குப் பழைய மருந்து போர்டோ கலவை. 10 கிராம் மயில்துத்தத்தையும் 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்துச் சேர்த்து, மொத்தம் ஒரு லிட்டராக்கினால் ஒரு சதவீதக் கலவை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள்.

இந்தக் கலவை பிறந்த கதை சுவையானது. பிரான்சில் போர்டோ நகரத்துப் பக்கம் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமலிருக்க, பார்த்தால் அருவருப்பாக இருக்கட்டும் என்று சாலையோரக் கொடிகளில் சுண்ணாம்பும் துத்தமும் அடித்து வைத்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தார் மில்லார்டே என்ற பேராசிரியர். 1885-ல் அவர் வெளியிட்ட மருந்துதான் இது. திருடனுக்கு வைத்த பூச்சு செடிக்கு மருந்தாயிற்று!

வயலுக்கு அடிக்கும் கடும் விஷ மருந்துகளைக் குழந்தைகள் நடமாடும் மாடிக்குக் கொண்டுவராதீர்கள். எந்த மருந்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. உதிர்ந்த நோய் இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தினாலே பாதி மருந்துச் செலவு மிச்சம். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் இலைமேல் புழுதி படியும். வாரம் ஒரு காலை இலையை அலம்பிவிட்டால், வெயிலில் உலர்ந்து செடி தெளிவு பெறும்.

ரோஜாவுக்குப் பக்கத்தில்

வேரைப் பார்த்து வளர்க்கும் பாடம் கறிச் செடிகளுக்கும் பொருந்தும். சூளகிரிக் கொத்தமல்லியும் புதினாவும் இராயக்கோட்டைத் தக்காளியும் சந்தைகளில் பெயர் பெற்றவை. வீட்டிலும் அவை வரும். தனியாவை இரண்டாக உடைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். புதினாவுக்குச் சந்தையில் வாங்கிய கட்டின் தண்டே விதை. கீரைக்கு ஆறு அங்குல ஆழத் தொட்டி போதும். ஒரு மாதத்தில் கடைந்து சாப்பிடலாம்.

தக்காளிக்கு ஒரு தொட்டிக்கு ஒரே செடி. ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று நீர் விட்டால் காயின் அடி கறுத்துக் குழியும். அது பூச்சியல்ல, நீர் சீராக ஏறாததால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை. அவரையை ஆடியில் விதைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் நாட்டு அவரை பூக்கும். தையில் விதைத்துவிட்டுக் கொடிதான் ஓடுகிறது, காயைக் காணோம் என்று வருந்திப் பயனில்லை.

மலை இறங்கிக் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் வந்தால் கணக்கு மாறும். ஓசூரைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்ந்த இடம், வெயில் கடுமை. அங்கே சித்திரை, வைகாசியில் தொட்டி மண் ஒரே நாளில் உலர்ந்துவிடலாம். காய்ந்த இலையையோ தேங்காய் நாரையோ மண்ணின்மேல் இரண்டு அங்குலம் பரப்பி, நண்பகல் வெயிலுக்கு நிழல் வலை கட்ட வேண்டும். கொல்லையில் இடமிருந்தால் மாவட்டத்தின் பெருமையான பெங்களூரா மா ஒட்டு ஒன்று வைக்கலாம். மூன்றடிக் குழி எடுத்து நட்டு, முதல் மூன்று ஆண்டு பூவை ஒடித்துவிட வேண்டும். இங்கும் அதே பாடந்தான்: முதலில் வேர், பிறகு பழம். சந்தேகம் கேட்க, பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொய்மலர் வளர்ப்பைக் கற்க விரும்புவோருக்குத் தளியில் இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த மலர் மகத்துவ மையம் இருக்கிறது.

வாடகை வீட்டிலும் வேர் பிடிக்கும்

ஓசூரில் பல குடும்பங்கள் வாடகை வீட்டில் இருப்பவை. இன்று இந்தத் தெரு. ஒப்பந்தம் முடிந்தால் வேறு தெரு. "நிலையில்லாத வீட்டில் செடி எதற்கு?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். தொட்டிச் செடி வீடு மாறக்கூடியது. மாற்றுமுன் இரண்டு நாள் நீரைக் குறைத்து, புது இடத்தில் ஒரு வாரம் அரை நிழலில் வைத்தால் அது பழகிக்கொள்ளும். மனிதரும் அப்படித்தானே பழகிக்கொண்டார்கள்?

ஷிப்டு முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் ஒருவர், காலணியைக் கழற்றுமுன் தொட்டி மண்ணில் விரல் வைத்துப் பார்க்கிறார். ஈரம் இருக்கிறது, இன்று நீர் வேண்டாம். அடித் தண்டில் செம்பு நிறத்தில் ஒரு தளிர் தலை நீட்டுகிறது. இன்னும் ஏழு வாரத்தில் அது பூவாகும். சொந்த ஊரை விட்டு வந்த குடும்பத்தின் வாசலில், யாருக்கும் ஏற்றுமதியாகாத ஒரு ரோஜா. அன்றைக்கு அந்த அம்மாளைக் கேட்டால் 'எங்கள் கைராசி!' என்றுதான் சொல்வார். சொல்லட்டும். வேருக்குத் தெரியும் உண்மை.